பழைய பாய்லரை மாற்றுதலும் வீட்டின் வெந்நீர் அமைப்பைக் காத்தலும்

வீட்டிலுள்ள பழைய பாய்லர் பழுதுபட்டுவிட்டால், புதிய ஒன்றை வாங்கி அதே இடத்தில் பொருத்திவிடலாம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் பாய்லர் தனித்து இயங்கும் பொருளன்று. மாடியிலுள்ள நீர்த்தொட்டி, சுவருக்குள் செல்லும் குழாய்கள், வீட்டிற்கு வரும் நீரின் தன்மை, மின்கம்பியின் பருமன், குளியலறையின் காற்றோட்டம் ஆகிய எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பின் ஓர் உறுப்பே அது. புதிய உறுப்பு மற்றவற்றுடன் பொருந்துமா என்று ஆராயாமல் மாற்றினால் பணம் வீணாகும். சில சமயங்களில் உயிருக்கும் ஆபத்து நேரும். நன்கு ஆராய்ந்து மாற்றினாலோ, சுவரை இடிக்காமலும் நல்ல குழாய்களைக் கழற்றி எறியாமலும் குறைந்த செலவில் வெந்நீர் பெறலாம்.

குளிர் நாடுகளில் இப்பிரச்சினை வேறு வடிவில் எழுகிறது. பிரிட்டனில் பாய்லர் என்பது குளிப்பதற்கு மட்டுமன்றி, அறைகளைச் சூடாக்குவதற்கும் உரிய கருவியாகும். பாய்லரில் சூடான நீர் குழாய்கள் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ரேடியேட்டர்களின் ஆயுள் பாய்லரின் ஆயுளைவிட மிக நீண்டது. ஆகவே பாய்லரை மட்டும் மாற்றி, மற்ற அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது அங்கு வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் வகையைச் சேர்ந்தனவாக இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் திரும்பிவரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழ் இருந்தால்தான் இந்த மீட்பு நடைபெறும். பழைய குழாய்களில் தேங்கிய இரும்புக் கசடைக் கழுவி அகற்றாவிட்டால், அது புதிய பாய்லரின் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். புதிய கருவியின் பயன் பழைய அமைப்பின் நிலையைப் பொறுத்தது என்பதே இதன் பாடம். இப்பாடம் நம் நாட்டு வீடுகளுக்கும் பொருந்தும்.

ஹைதராபாத் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் தக்காணப் பீடபூமியின்மேல் அமைந்துள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே இரவின் குறைந்த வெப்பநிலை சராசரியாக 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அறைகளைச் சூடாக்கவேண்டிய அவசியம் இல்லை. காலையில் குளிப்பதற்கு வெந்நீர் மட்டுமே தேவை. நகரின் வடகிழக்கே உள்ள ஏ.எஸ்.ராவ் நகர், 1967-இல் அணுசக்தித் துறையின்கீழ் அமைக்கப்பட்ட இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகத்தை உருவாக்கிய விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவ் (1914–2003) பெயரைத் தாங்கிய குடியிருப்புப் பகுதியாகும். இத்தகைய பகுதிகளிலுள்ள பழைய தனி வீடுகளில் மாடித்தொட்டியும், சுவரில் பதித்த துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்களும் (ஜி.ஐ. குழாய்கள்) இருப்பது சாதாரணம். விறகில் எரியும் செம்பு பாய்லர், மின் கீசர், எரிவாயு கீசர், சூரிய வெந்நீர்க் கருவி எனத் தலைமுறைதோறும் வெப்பம் தரும் கருவி மாறிவந்தாலும், குழாய்கள் பழையனவாகவே இருக்கும்.

செம்பு பாய்லரின் விஞ்ஞானம்

பழைய செம்பு பாய்லரின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது பயன் தரும். உருளை வடிவமான பாத்திரத்தின் நடுவே ஒரு குழல் மேலிருந்து கீழாகச் செல்கிறது. குழலின் அடியிலுள்ள கம்பித்தட்டின்மேல் கரி, விறகுத் துண்டு, தேங்காய்ச் சிரட்டை முதலியன எரியும். புகை குழல் வழியே மேலேறி வெளியேறும். குழலைச் சுற்றி நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பதால், திறந்த அடுப்பின்மேல் வைத்த தவலையைவிட இதில் வெப்பம் வீணாவது குறைவு.

பாய்லரின் தலைப்பில் ஒரு புனல் உண்டு. அதில் ஒரு செம்பு குளிர்ந்த நீரை ஊற்றினால், அது உட்குழாய் வழியே அடிக்குச் செல்லும். அதே அளவு வெந்நீர் மேலேயுள்ள குழாய்முனை வழியே வெளிவரும். குளிர்ந்த நீரும் வெந்நீரும் எளிதில் கலந்துவிடுவதில்லை. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரின் எடை 997 கிராம். 60 டிகிரியில் அது 983 கிராமாகக் குறைகிறது. இந்தப் பதினான்கு கிராம் வேற்றுமையால் வெந்நீர் மேலே மிதக்கிறது. மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவியும் பம்பு இல்லாமல் இயங்குவது இதே வேற்றுமையால்தான்.

இந்த எளிய கருவியில் மற்றொரு நன்மையும் மறைந்துள்ளது. புனலின் வாய் எப்போதும் திறந்திருக்கிறது. தீ மிஞ்சினாலும் நீர் கொதித்து ஆவியாக வெளியேறுமேயன்றி, உள்ளே அழுத்தம் பெருகுவதில்லை. அதாவது செம்பு பாய்லர் ஒரு திறந்த அமைப்பு. அதைப் பயன்படுத்துவோர் கவனக்குறைவாக இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

திறந்த அமைப்பும் மூடிய அமைப்பும்

மின் கீசர் இதற்கு மாறானது. அதன் கலம் எல்லாப் புறமும் மூடப்பட்டு, முழுவதும் நீரால் நிரம்பியிருக்கும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது நீர் தன் பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.4 பங்கு விரிகிறது. 25 லிட்டர் கீசரில் இது சுமார் 350 மில்லிலிட்டர். அதாவது ஒன்றரைத் தம்ளருக்கு மேற்பட்ட நீர். நீர் எளிதில் அமுங்காத பொருளாகையால், விரிந்த நீருக்கு வெளியே செல்ல ஒரு வழி வேண்டும். வழி இல்லையெனில் கலத்தினுள் அழுத்தம் வெகுவாக உயரும்.

பழைய வீடுகளில் விரிந்த நீர் குளிர்நீர்க் குழாய் வழியே பின்னோக்கி நகர்ந்து மாடித்தொட்டிக்குச் சென்றுவிடும். கருவியை மாற்றும்போது குளிர்நீர்க் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்தினால் இவ்வழி அடைபட்டுப்போகும். அதன்பின் எஞ்சுவது கீசருடன் வரும் பாதுகாப்பு வால்வு ஒன்றே. நீர் சூடாகும்போது இவ்வால்விலிருந்து சிறிது நீர் சொட்டுவது இயல்பு. அது கருவியின் குறையன்று. ஆனால் தரை ஈரமாகிறதென்று எண்ணி அந்த முனையை அடைத்துவிடுவோர் உண்டு. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், அதற்குத் துணையாயுள்ள வெப்பத் துண்டிப்பானும் பழுதுபட்ட நாளில், அடைக்கப்பட்ட கீசரினுள் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் அழுத்தத்தில் நிற்கும். கலம் பிளந்த கணமே அந்நீரின் ஒரு பகுதி ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுவதால் வெடிப்பு உண்டாகிறது.

ஆகவே பாய்லரை மாற்றும் பணியில் முதன்மையான விதி ஒன்றுண்டு: வெப்பம் தரும் கருவியை மாற்றலாம், ஆனால் நீர் விரியவும், ஆவி வெளியேறவும், புகை கலையவும், மின்கசிவு தரைக்குச் செல்லவும் பழைய அமைப்பில் இருந்த வழிகளில் எதையும் மூடலாகாது. மூட நேர்ந்தால் அதற்கு ஈடான புதிய வழியை அமைத்த பின்னரே மூடவேண்டும்.

தேவையைக் கணக்கிடுதல்

எவ்வளவு வெந்நீர் தேவை என்பதை அறியாமல் கருவியின் அளவைத் தீர்மானிக்க இயலாது. குளிப்பதற்கு ஏற்ற வெப்பம் 40 டிகிரியை ஒட்டியது. குளிர்காலத்தில் மாடித்தொட்டி நீர் 20 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், 60 டிகிரி வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் சம அளவில் கலந்தால் 40 டிகிரி நீர் கிடைக்கும். ஒரு வாளி 16 லிட்டர் கொள்ளும் எனவும், ஒருவர் ஒன்றரை வாளி நீரில் குளிப்பதாகவும் வைத்துக்கொண்டால், நால்வருக்கு 96 லிட்டர் நீர் வேண்டும். இதில் பாதியான 48 லிட்டர் மட்டுமே வெந்நீர். ஆனால் ஷவரில் குளிப்போர் இருக்கும் வீட்டில் இக்கணக்கு மாறும். நிமிடத்திற்கு 8 லிட்டர் பாயும் ஷவரின்கீழ் ஆறு நிமிடம் நின்றால், ஒருவருக்கே 48 லிட்டர் கலந்த நீர் செலவாகிவிடும்.

48 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 1,920 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். எனவே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் யூனிட் போதும். கலத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால் மூன்று யூனிட்டுக்குள் அடங்கும். ஆண்டில் 120 நாட்களே வெந்நீரில் குளிக்கும் குடும்பத்திற்கு மொத்தம் 360 யூனிட்டுக்கு மேல் செல்லாது. முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் ஆண்டு முழுவதும் வெந்நீர் தேவைப்பட்டால், இந்த அளவு ஏறத்தாழ மும்மடங்காகும். எக்கருவி சிக்கனமானது என்ற கேள்விக்கு விடை இந்த வேற்றுமையில்தான் இருக்கிறது.

நீரின் தன்மை

ஹைதராபாத் நகரின் அடியில் கருங்கல் பாறை பரவியுள்ளது. பாறைப் பிளவுகளில் தங்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதால் அது பல இடங்களில் கடின நீராக இருக்கிறது. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளிலிருந்து நகருக்கு வரும் குழாய் நீர் இதனினும் மென்மையானது. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து பயன்படுத்தும் வீடுகளும் உண்டு. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது எனவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் எனவும் கூறுகிறது.

கடின நீரைச் சூடாக்கும்போது, கரைந்திருந்த பைகார்பனேட் உப்பு கரையாத கார்பனேட்டாக மாறி, வெண்மையான ஓடுபோல் படிகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் படிந்தாலும், நாளொன்றுக்கு 50 லிட்டர் வெந்நீர் எடுக்கும் வீட்டில் 5 கிராம் சேரும். நான்கு மாதத்தில் 600 கிராம் ஆகிவிடும். இவ்வோடு வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. மின் கீசரில் சூடேற்றும் கம்பியைச் சுற்றி இது படிந்தால், கம்பியின் வெப்பம் நீருக்குச் செல்லாமல் தடைப்பட்டு, கம்பியே கருகிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பியை மாற்றவேண்டி வருகிறதென்றால், குறை பெரும்பாலும் நீரில் இருக்குமேயன்றிக் கருவியில் இராது. அந்நிலையில் கருவியை மாற்றுவது மட்டும் தீர்வாகாது. கூடியவரை மென்மையான நீரை வெந்நீர்க் கருவிக்கு ஒதுக்குவதும், ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டை அகற்றுவதும் அவசியம். கண்ணாடிப் பூச்சுள்ள கலங்களில், தான் அரிக்கப்பட்டுக் கலத்தைக் காக்கும் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். அது கரைந்து தீர்வதற்குமுன் மாற்றினால் கலத்தின் ஆயுள் நீளும்.

பழைய குழாய்களைச் சோதித்தல்

சுவரிலுள்ள குழாயை வைத்துக்கொள்ளலாமா, மாற்றவேண்டுமா என்பதைச் சுவரை உடைக்காமலே பெரும்பாலும் அறியலாம். காலையில் முதலில் வரும் வெந்நீர் செந்நிறமாக இருந்தால், துத்தநாகப் பூச்சு தேய்ந்து இரும்பு துருப்பிடிக்கிறதென்று பொருள். அடுத்து, ஒரே குளியலறையிலுள்ள குளிர்நீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் தனித்தனியே முழுவதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறதென்று கடிகாரத்தில் பார்க்கவேண்டும். குளிர்நீர் ஒரு நிமிடத்திலும் வெந்நீர் இரண்டு நிமிடத்திலும் நிரப்பினால், வெந்நீர் செல்லும் வழியில் எங்கோ அடைப்பு உள்ளது. அடைப்பு கீசரிலா குழாயிலா என்பதை, கீசரின் வெளிவாயிலில் நேரடியாக அளந்து அறிந்துகொள்ளலாம். சுவரில் ஈரக்கறை தோன்றியிருந்தால் கசிவு உண்டு எனக் கொள்ளவேண்டும். இம்மூன்று குறைகளும் இல்லாத குழாயை மாற்றத் தேவையில்லை.

குழாய் நல்ல நிலையில் இருப்பினும் அதன் வெப்பநிலை எல்லையை மறத்தலாகாது. ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் துத்தநாகப் பூச்சு இரும்பைக் காக்கும் திறன் குறைகிறது. செம்பாலான ஏற்பியிலிருந்து வரும் நீர் நேரே ஜி.ஐ. குழாயில் பாய்ந்தால், நீரில் கரைந்த மிகச் சிறிதளவு செம்பே இரும்பில் குழிக்குழியான அரிப்பை உண்டாக்கக்கூடும். குழாயின் ஒரு பகுதியை மாற்ற நேர்ந்தால், குளிர்நீருக்குரிய சாதாரண பி.வி.சி. குழாயை வெந்நீருக்குப் பயன்படுத்தலாகாது. அது சூட்டில் மென்மையாகி வளைந்துவிடும். வெந்நீருக்கென்று செய்யப்பட்ட சி.பி.வி.சி. குழாய் அதற்கு ஏற்றது. கோடைக்காலத்தில் சூரியக் கருவியின் கலத்தில் நீர் கொதிநிலையை நெருங்கக்கூடுமாதலால், கலத்தை ஒட்டிய முதல் சில அடிகளுக்கு உலோகக் குழாயே பாதுகாப்பானது.

இங்கே கவனிக்கவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. சில பழைய வீடுகளில் நிலத்தினுள் செல்லும் இரும்புக் குழாயே மின்கசிவைத் தரைக்குக் கொண்டுசெல்லும் எர்த் போலவும் பயன்பட்டுவந்தது. அக்குழாயின் நடுவே ஒரு முழ நீளத்திற்குப் பிளாஸ்டிக் குழாயை இணைத்தாலும் அந்த வழி அறுபட்டுவிடும். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. கீசரில் கசிவு ஏற்படும் நாளில், ஈரக்கையால் குழாயைத் தொடுபவர் வழியே மின்சாரம் பாயும். எனவே குழாய் வேலை தொடங்குமுன் தனி எர்த் கம்பி உள்ளதா என்று மின்பணியாளரைக்கொண்டு சோதித்துக்கொள்ளவேண்டும்.

எக்கருவி ஏற்றது?

மின் கீசர் குளியலறைக்கு அருகிலேயே அமைவதால், குழாயில் தங்கி ஆறும் நீர் குறைவு. அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் நிற்கும். இரண்டு மீட்டர் தொலைவுக்கு இது அரை லிட்டர்கூட ஆகாது. ஆண்டில் சில மாதங்களே வெந்நீர் பயன்படுத்தும் சிறு குடும்பத்திற்கு, 15 அல்லது 25 லிட்டர் கொள்ளும் கீசர் போதுமானது. எரிசக்திச் சிக்கன நட்சத்திரக் குறி அதிகமாக உள்ள கீசரில், சும்மா இருக்கும்போது வெளியேறும் வெப்பம் குறைவு. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகையால் விளக்குக்குரிய மெல்லிய கம்பியில் அதை இணைக்காமல், தனிக் கம்பியும், 16 ஆம்பியர் மூன்றுமுனைச் செருகியும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் அமைக்கவேண்டும். பழைய வீடுகளில் அலுமினியக் கம்பி இருந்தால் அதன் இணைப்புகளைத் தனியே சோதிப்பது நலம்.

எரிவாயு கீசர் நீரைத் தேக்கிவைக்காமல் பாயும்போதே சூடாக்குகிறது. மேலே கணக்கிட்ட 1,920 கிலோகலோரிக்கு, இழப்பு உட்பட ஏறத்தாழ 220 கிராம் எரிவாயு போதும். ஆனால் இக்கருவி இயங்க நீருக்கு ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் கிடைக்கும். இரண்டு மீட்டர் கீழே இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கே கிடைக்கும். தரைத்தளத்தில் நன்கு எரியும் கீசர், தொட்டிக்கு நேர்கீழே உள்ள மாடிக் குளியலறையில் பற்றாமலே போவதற்கு இதுவே காரணம்.

இதனினும் முக்கியமானது காற்று. 220 கிராம் எரிவாயு எரிவதற்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடி அகலமும் ஆறரை அடி நீளமும் ஒன்பது அடி உயரமும் உள்ள குளியலறையில் இருப்பதோ சுமார் 8 கன மீட்டர் காற்று. கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகக் குளித்தால் பிராணவாயு குறையும். அது முற்றும் தீர்வதற்கு வெகு முன்பே எரிதல் நிறைவுபெறாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பிணைந்துகொள்கிறது. குளிப்பவர் தலைசுற்றி விழுந்து, உதவிக்கு அழைக்கவும் இயலாமல் போகிறார். குளிர்காலந்தோறும் நம் நாட்டு நகரங்களில் இத்தகைய மரணங்கள் நேர்ந்துவருகின்றன. விறகு பாய்லர் இருந்த காலத்தில் புகைக்கென்று விட்டிருந்த துவாரத்தை, கீசர் வந்தபின் தேவையில்லையென்று அடைத்துவிட்ட குளியலறையில் எரிவாயு கீசரை வைப்பது மிக ஆபத்தானது. கருவியைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெந்நீரை மட்டும் பழைய குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே சரியான முறை.

சூரிய வெந்நீர்க் கருவி ஆண்டின் பெரும்பகுதி வெந்நீர் வேண்டும் வீட்டிற்கு உகந்தது. ஹைதராபாதில் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 5 யூனிட் அளவு சூரிய வெப்பம் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் ஏற்பி 10 யூனிட் பெற்று, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நீருக்குக் கொடுத்தாலும், 100 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், ஏற்பி தெற்கு நோக்கி, ஊரின் அட்சரேகையைவிட 10 முதல் 15 டிகிரி அதிகமாகச் சாய்ந்திருக்கவேண்டும். ஹைதராபாதின் அட்சரேகை 17 டிகிரியை ஒட்டியதாகையால், சாய்வு 27 முதல் 32 டிகிரி வரை இருக்கலாம். கடின நீர் உள்ள இடத்தில் மெல்லிய செம்புக் குழல்களைக்கொண்ட தட்டை ஏற்பி விரைவில் அடைபடும். அங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழல் வகையையோ, வெப்பமாற்றி பொருத்திய தட்டை ஏற்பியையோ தேர்வுசெய்யலாம்.

சூரியக் கருவியின் குறை தொலைவு. மாடியிலிருந்து கீழ்க் குளியலறைவரை முக்கால் அங்குலக் குழாய் 12 மீட்டர் செல்லுமானால், அதனுள் நாலேகால் லிட்டருக்கு மேல் நீர் தங்கி ஆறிக்கிடக்கும். அந்நீரை ஒரு வாளியில் பிடித்துத் துணி துவைக்கவோ செடிகளுக்கு ஊற்றவோ பயன்படுத்தலாம். வெளியே செல்லும் குழாயை வெப்பம் கடத்தாத உறையால் மூடவேண்டும். மேகம் சூழ்ந்த நாட்களுக்காகப் பழைய மின் கீசரைக் கழற்றாமல் துணையாக வைத்துக்கொள்வது பலரும் கையாளும் முறை. அப்போது வால்வுகளை எந்த நிலையில் திருப்பினாலும் கீசரின் உள்வாயிலும் வெளிவாயிலும் ஒருங்கே அடைபடாதபடி குழாய்களை அமைக்கவேண்டும்.

கூரையின்மேல் உயரங்கள்

சூரியக் கருவி பம்பு இல்லாமல் இயங்க, குளிர்நீர்த் தொட்டியின் அடிப்பாகம் வெந்நீர்க் கலத்தின் மேற்பாகத்தைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். தட்டை ஏற்பி வகையில், வெந்நீர்க் கலத்தின் அடிப்பாகம் ஏற்பியின் மேல் விளிம்பைவிட ஓர் அடி உயரத்தில் இருக்கவேண்டும். இல்லையெனில் இரவில் நீர் எதிர்த்திசையில் ஓடி, பகலில் சேர்த்த வெப்பத்தை வானில் இழந்துவிடும். கலத்திலிருந்து எழும் காற்றுக்குழாய் குளிர்நீர்த் தொட்டியின் நிரம்பிய மட்டத்திற்கும் மேலாகச் சென்று, திறந்த வாயுடன் நிற்கவேண்டும். செம்பு பாய்லரின் புனல் செய்த வேலையையே இங்கு இந்தக் காற்றுக்குழாய் செய்கிறது. நீர் தெறிக்கிறதென்று இதை அடைப்பதும், கீசரின் பாதுகாப்பு வால்வை அடைப்பதும் ஒரே வகையான பிழைகள்.

பழைய வீடுகளில் தொட்டி கூரைத் தளத்தின்மேல் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கலாம். அதை உயர்த்த நேர்ந்தால் எடையைக் கருதவேண்டும். ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை கொண்டது. இச்சுமையைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவர் அல்லது தூண்களின் நேர்மேலே பொறியாளரின் ஆலோசனைப்படி தாங்கவைக்கவேண்டும். கூரையிலிருந்து இறங்கும் வெந்நீர்க் குழாய் ஏறி இறங்கும் வளைவின்றி ஒரே சரிவாக இருத்தல் நலம். வளைவின் உச்சியில் காற்று சிக்கிக்கொண்டால் நீர் வராது.

வெப்பநிலையின் அளவு

கீசரின் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைப்பது பொதுவாக ஏற்றது. நுரையீரல் நோயை உண்டாக்கும் லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். 60 டிகிரியில் அழிந்துவிடும். அதற்குமேல் வைத்தால் ஓடு படிவதும், குழாய் அரிப்பும், வெப்ப இழப்பும் மிகும். ஆனால் 60 டிகிரி நீர் தோலில் சில விநாடிகள் பட்டாலே புண்ணாக்கும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் வாளியில் முதலில் குளிர்ந்த நீரையும் பின்னர் வெந்நீரையும் விடுவது நல்ல பழக்கம்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

வீட்டாருக்கு ஆலோசனை கூறும் களப்பணியாளர் ஐந்து கேள்விகளை இந்த வரிசையில் கேட்டறியலாம். நாளொன்றுக்கு எத்தனை வாளி வெந்நீர், ஆண்டில் எத்தனை மாதம் தேவை? நீர் எங்கிருந்து வருகிறது, சோப்பு நுரைக்கிறதா? வெந்நீர்க் குழாயின் நிறமும் பாய்ச்சலும் எவ்வாறு உள்ளன? தொட்டி குளியலறைக்கு எவ்வளவு உயரத்தில் உள்ளது? விரியும் நீர், ஆவி, புகை, மின்கசிவு ஆகிய நான்கிற்கும் வழி உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் கருவியைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று. கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் இக்கேள்விகளைக் கேட்பதனால்தான் தொல்லைகள் விளைகின்றன.

ஆசிரியர் வகுப்பறையில் மூன்று எளிய பரிசோதனைகளால் இதை விளக்கலாம். ஒரே அளவுள்ள இரு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் வெதுவெதுப்பான நிறநீரும் மற்றொன்றில் குளிர்ந்த நீரும் எடுத்துக்கொள்ளவேண்டும். வெந்நீர்க் குவளையின் வாயை அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, மற்றதன்மேல் வைத்து அட்டையை மெல்ல உருவினால் நிறம் மேலேயே நிற்கும்; குவளைகளை இடம் மாற்றிச் செய்தால் உடனே கலந்துவிடும். செம்பு பாய்லரும் சூரியக் கருவியும் இயங்கும் தத்துவம் இதுவே. இரண்டாவதாக, கிணற்று நீரைப் பாத்திரத்தில் பலமுறை கொதிக்கவைத்துப் படியும் வெண்ணிற ஓட்டின்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால், குமிழிகள் எழுந்து அது கரைவதைக் காணலாம். மூன்றாவதாக, மாணவர்கள் தத்தம் வீட்டில் வாளி நிரம்பும் நேரத்தை அளந்துவந்து பட்டியலிடலாம். வீட்டின் உயரம், குழாயின் வயது, நீர்ப்பாய்ச்சல் ஆகியவற்றிடையே உள்ள தொடர்பு அப்பட்டியலிலிருந்து தானே விளங்கும்.

செம்பு பாய்லரைப் பயன்படுத்திய தலைமுறையினர் நீர் விரிவதையும் அழுத்தத்தையும் கணக்கிட்டவர்களல்லர்; ஆயினும் அவர்களுடைய கருவியில் திறந்த புனலும் புகைவழியும் இருந்தன. இன்றைய கருவிகள் திறனில் மேம்பட்டவை; ஆனால் மூடியவை. அவற்றை வீட்டிற்குள் கொண்டுவருவோர் பழைய கருவி தானாகவே அளித்த பாதுகாப்பைத் தம் அறிவால் அளிக்கவேண்டியவர்களாகின்றனர். நல்ல குழாய்களைக் காத்து, வழிகளைத் திறந்துவைத்து, தேவைக்கேற்ற கருவியை அமைத்த வீட்டில் வெந்நீர் சிக்கனமாகவும் அச்சமின்றியும் கிடைக்கும்.